சோறு வலப்பக்கம்

பான் இன்சுக் மேடம் யார் வீட்டிலும் சாப்பிடமாட்டார். பதினோரு வருடமாக சியோலில் அவருடைய ஸ்டூடியோவில் மேலாளராக இருக்கிறேன். படம் எடுக்கப் போன வீடுகளில் அவர் ஒரு டம்ளர் பார்லித் தண்ணீர் குடித்துக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் எடுப்பது முழுக்கச் சாப்பாட்டு மேசைகளைத்தான். சாப்பிட்டு முடித்த மேசைகள். உறிஞ்சிப் போட்ட மீன் முள், பல்லில் சிக்கியதை எடுத்துத் துடைத்த காகிதம், சிவப்பு எண்ணெய் படிந்த கிண்ணத்தின் விளிம்பில் காய்ந்து ஒட்டிய ஒற்றைப் பருக்கை.

அவருடைய வேலை முறை இது. தனியாக வாழும் ஒருவர் வீட்டுக்குப் போவோம். அவர் வழக்கம்போலச் சமைத்து வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். மேடம் வேறு அறையில் காத்திருப்பார். சாப்பிட்டவர் எழுந்ததும், அவர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், அவர் கண் இருந்த அதே உயரத்தில் பெரிய மரக் கேமராவை நான் நிறுத்துவேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் யாரும் எதையும் தொடக் கூடாது. கொழுப்பு உறைய வேண்டும். சூப்பின் மேல் ஆடை கட்ட வேண்டும். கோடை என்றால் ஈ வரும், விரட்டக் கூடாது. பிறகு மேடம் வருவார். மேசைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்து முகர்வார். அவர் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கும். அந்த நொடியில் கையைத் தூக்குவார். நான் லென்ஸின் மூடியை எடுப்பேன்.

"குமட்டும்போது திற. குமட்டல் அடங்கறதுக்குள்ள மூடிடு" என்பார். "பழகிப்போன கண்ணுக்கு எதுவும் தெரியாது சோன்ஹ்வா."

மேடத்தின் பெற்றோர் கல்லூரி மாணவர்களுக்குச் சாப்பாட்டோடு அறை வாடகைக்கு விட்டவர்கள். பத்து வயதிலிருந்து தினமும் நாற்பது பேர் எச்சில் கிண்ணம் கழுவியவர் அவர். பேட்டிகளில் இதைச் சொல்லும்போது கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள். நானும் முதல் தடவை கலங்கினேன். என் இருபது வயதுகளில் உலகத்தின் ஏதேதோ மூலைகளிலிருந்து மொழிபெயர்ந்து வந்த நாவல்களை ரயிலில் படித்துக்கொண்டே இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டவள் நான். இப்படி ஒருவரிடம் வேலை செய்வது அந்தப் பக்கங்களுக்குள் நுழைவதற்குச் சமம் என்று நினைத்தேன்.

அவர் ஃபிலிம் பயன்படுத்துவதில்லை. கேமராவுக்குள் நேராகக் காகிதம். கழுவினால் அதுவே கறுப்பு வெள்ளைப் படம். இரண்டாவது பிரதி கிடையாது, கணினியில் திருத்துவது கிடையாது. வெளிச்சம் பட்ட காகிதத்தைச் சட்டமிட்டு அப்படியே தொங்கவிடுவோம். செய்தித்தாளின் அரைப்பக்கம் அளவுதான் இருக்கும். ஒரே ஒரு சங்கதி, கண்ணாடியில் தெரிவது போல எல்லாம் இடம் வலமாக மாறியிருக்கும். சுவரில் நாள்காட்டி இருந்தால் எண்கள் திரும்பித் தெரியும். பார்க்க வந்தவர்கள் அதையும் ரசித்தார்கள்.

இலையுதிர் காலக் கண்காட்சிக்குப் பன்னிரண்டு மேசைகள் வேண்டும். பதினொன்று முடிந்திருந்தது. கடைசி ஆள் பின்வாங்கிவிட்டார். "எங்கம்மா இருக்காங்க மேடம், மொக்போல தனியாத்தான் இருக்காங்க" என்று நானே வாயைக் கொடுத்தேன்.

அம்மாவின் பெயர் கூ மாக்சுன். எழுபத்து நான்கு வயது. நாங்கள் போனபோது அன்று காலையில் துறைமுகத்தில் வாங்கிய வாளை மீனை முள்ளங்கியோடு காரமாகச் சமைத்திருந்தாள். நான் வருகிறேன் என்பதால் கடல்பாசி சூப், கூடவே மிளகாயில் ஊறிய கோஸ் கிம்ச்சி. மடக்குக் கால் வைத்த தாழ்வான மேசையில் மூன்று பேருக்கு வைத்திருந்தாள்.

"உக்காருங்க. மீன் சூடா இருக்கும்போதே சாப்பிடணும்" என்றாள் மேடத்திடம்.

"எனக்கு வேண்டாம்மா. வயிறு சரியில்லை."

"வயிறு சரியில்லைன்னா சூப்பாவது குடிங்க. பிள்ளை பெத்தவங்களுக்கே இதைத்தான் குடுப்போம். ஒண்ணும் பண்ணாது."

"நீங்க சாப்பிடுங்க. நாங்க யாரும் இல்லாத மாதிரி தனியா சாப்பிடுங்க."

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்தாள். "ஏண்டி, மூணு பேருக்கு வெச்ச சோத்தை ஒருத்தியா எப்படித் திங்கறது?"

"உன் தட்டு மட்டும் இருக்கட்டும்மா. மத்ததை எடுத்துடறேன்."

"விருந்துக்கு வந்தவ பட்டினியா உக்காந்திருக்க, நான் மென்னுக்கிட்டு இருக்கணுமாக்கும்."

மென்றாள். பக்கத்து அறையில் நானும் மேடமும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் பல் செட் முள்ளில் பட்டுக் கிளிக் கிளிக்கென்று சத்தம் போட்டது. மேடம் கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். சாப்பிட்டு முடித்தாலும் ஒவ்வொரு கிண்ணத்தையும் எடுத்த இடத்திலேயே திருப்பி வைப்பாள். சோறு பாதி மிச்சம், சூப்பு கால்வாசி மிச்சம், மீன் வெறும் முள்ளாக, சீப்பு மாதிரி. எல்லாம் வரிசை தப்பாமல் இருந்தன. ஒரு மணி நேரம் கழித்து மேடம் குனிந்து முகர்ந்தார். தொண்டை ஏறி இறங்கியது. இந்த முறை சத்தத்தோடு. கை உயர்ந்தது. நான் மூடியை எடுத்தேன்.

அம்மா கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

"மீன் கெட்டுப்போச்சா?"

"இல்லைம்மா. அது அவங்க வேலை செய்யற முறை."

"என் சோத்தைப் பாத்து ஓங்கரிக்கறது ஒரு வேலையாடி?"

நான் சிரித்து மழுப்பினேன். வண்டியில் திரும்பும்போது மேடம் தன் பையிலிருந்து எதுவும் தடவாத வெள்ளை அரிசிக் கேக்கை எடுத்துத் தின்றார். கை துடைக்க நான்தான் ஈரத்துணி நீட்டினேன்.

அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. சியோலில் பெரிய மருத்துவர் பார்த்துவிட்டு, மாற்றாவிட்டால் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டமாட்டாள் என்று என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அம்மாவைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆனது. முதலில் கொடுத்த தேதி நான்காம் தேதி. நான்கு சாவு எண், முடியாது என்றாள். இரண்டாவது தேதிக்கு முன்தினம் கனவில் பல் விழுந்தது என்றாள். மூன்றாவதாக அக்டோபரில் ஒரு தேதி கிடைத்தது. வியாழக்கிழமை சேர்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை நெஞ்சைத் திறப்பார்கள். புதன்கிழமை மாலை கண்காட்சித் திறப்பு. அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போவதாக அம்மாவே திட்டம் போட்டாள். கூட வர பக்கத்து வீட்டு பொங்ரே அக்கா.

ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு நான் அலைந்ததால் அந்தப் படத்தை மேடமே கழுவி, மேடமே சட்டமிடக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை, சியோலின் பழைய அரண்மனைக்கு மேற்கே ஒரு சந்தில் இருக்கும் கேலரியில், அதைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தபோதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சோறு வலப்பக்கம் இருந்தது. சூப் இடப்பக்கம் இருந்தது.

உயிரோடிருப்பவர்களுக்குச் சோறு இடப்பக்கம், சூப் வலப்பக்கம். செத்தவர்களுக்குப் படையல் போடும்போது மட்டும்தான், அவர்கள் உட்காரும் பக்கத்திலிருந்து பார்த்தால், சோறு வலப்பக்கம் வரும். நான் குடும்பத்து மூத்த மருமகளின் மகள். வருடத்துக்கு ஒன்பது படையல் நடந்த வீட்டில் வளர்ந்தவள். ஆறு வயதில் ஒரு நாள் அப்பாவுக்குக் கிண்ணத்தை இடம் மாற்றி வைத்துவிட்டு முதுகில் வாங்கியிருக்கிறேன். அப்படியிருந்தும் பதினோரு வருடமாக, கண்ணாடி போலத் திரும்பும் காகிதத்தைக் கையாண்டுகொண்டு, இது எனக்கு உறைக்கவே இல்லை. மற்றவர்கள் சாப்பிட்டுக் கிண்ணங்களை அங்குமிங்கும் நகர்த்தியிருந்தார்கள் என்பது ஒரு காரணம். ஓடிப்போய் மற்ற பதினொன்றையும் பார்த்தேன். மூன்றில் தெளிவாகத் தெரிந்தது. வலப்பக்கம் சோறு.

அம்மா இதைப் பார்த்தால் அடுத்த ரயிலில் மொக்போ திரும்பிவிடுவாள். நெஞ்சைத் திறக்க மறுபடி ஒரு தேதி எந்தக் காலத்திலும் கிடைக்காது.

மேடம் கையுறை போட்டுக்கொண்டு ஒரு சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அம்மா படத்தைக் கழட்டிடலாம்."

"ஏன்?"

"சோறு வலப்பக்கம் இருக்கு."

"ஆமா."

"ஆமான்னா? உங்களுக்குத் தெரியுமா?"

"மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடியே தெரியும்." அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "உங்கம்மா ஒவ்வொரு கிண்ணத்தையும் எடுத்த இடத்துல வெச்சாங்களே, அப்பவே மயிர் கூச்செறிஞ்சுது. இத்தனை வருஷமா இந்தப் படத்தைத் தேடித்தான் சுத்திக்கிட்டிருந்தேன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. உயிரோட இருக்கறவ தின்ன மேசை. ஆனா செத்தவளோட மேசை."

"எங்கம்மா வெள்ளிக்கிழமை ஆப்பரேஷனுக்குப் போறா."

"படம் எடுத்தா ஆள் போயிடுவாங்கன்னு நீயுமா நம்பறே?"

"நான் நம்பல. அவ நம்புவா."

"போன வசந்தத்துல ஆண்டோங்லேர்ந்து ஒரு மருமக ஃபோன் பண்ணினாளே. அவகிட்ட நீ என்ன சொன்னே?"

ஆண்டோங் பழைய வழக்கங்களை விடாத ஊர். அந்தப் பெண் ஏழாவது மேசைக்காரரின் மருமகள், எங்கள் இணையப் பக்கத்தில் படத்தைப் பார்த்திருந்தாள். மாமனார் தின்ற மேசையைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள், அவர் இன்னும் இருக்கிறார், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள்.  இது எங்கள் தொழில்நுட்பத்தின் இயல்பு என்று நான் இனிமையாக விளக்கினேன். ஒரு கடிதமும் எழுதினேன். "பாரம்பரியத்தின் மீதான உங்கள் அக்கறையை மதிக்கிறோம்" என்று தொடங்கும் கடிதம். கூடவே ஜெஜு ஆரஞ்சு ஒரு பெட்டி. ஃபோனை வைத்துவிட்டு, "ஆண்டோங் ஆளுங்க இன்னும் முடியைக் குடுமி போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க போல" என்று நான் சொன்னதும் மேடம் வாய்விட்டுச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. நன்றாக எழுதப்பட்ட கடிதம் அது. எனக்கே பெருமையாக இருந்தது.

கண்காட்சி அமைப்பாளர் பியன் வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் கண்கள் விரிந்தன.

"அப்போ எதிர்ச் சுவர்ல ஒரு கண்ணாடி மாட்டலாமே. கண்ணாடில பாத்தா அம்மா உயிரோட இருப்பாங்க. திரும்பிப் படத்தைப் பாத்தா இருக்கமாட்டாங்க. பாக்கறவன் நடுவுல நிப்பான்."

"மலிவான வித்தையா இருக்கு" என்றார் மேடம்.

"யோசிச்சுப் பாருங்க. பத்திரிகைக்காரங்க அதைத்தான் எழுதுவாங்க."

அவர்கள் கண்ணாடியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்கள். என்ன அளவு, சட்டம் வேண்டுமா வேண்டாமா. நான் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். குமட்டியது, ஆனால் எதுவும் வரவில்லை. கண்ணாடித் திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது.

அன்று மாலை விளக்குகளை அணைத்துக் கேலரியைப் பூட்டியது நான்தான். திருப்புளி என் பையிலேயே இருந்தது. படத்தைப் பிடித்திருந்தவை இரண்டே திருகாணிகள். நான் அதன் முன்னால் நின்றேன். பன்னிரண்டு சட்டங்களுக்கு நடுவில் ஒரு இடம் காலியாக விழுந்தால் சுவர் பொக்கையாகத் தெரியுமே என்று தோன்றியது. வேறெதுவும் இல்லை, அதுதான் தோன்றியது. பூட்டிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"நீ நேரா என் வீட்டுக்கு வந்து படுத்துடும்மா. கேலரிக்கெல்லாம் வேண்டாம். படி ஏறணும்."

"எத்தனை படி?"

"பதினாலு."

"இங்க மேட்டுல இருக்கற எங்க தெருவுல எத்தனைன்னு எண்ணிப் பாத்திருக்கியா? டிக்கெட் வாங்கியாச்சு. பொங்ரே புதுச் சட்டை எடுத்திருக்கா. தலைக்குச் சுருள் போட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தேன். இப்போ வேண்டாம்ங்கறியே."

"படம் நல்லா வரலை."

"என் மேசை எப்படி நல்லா வரும். அந்தப் பொம்பளைதான் ஒரு வாய் வைக்கலையே."

சொல்லியிருக்கலாம். அம்மா, சோறு வலப்பக்கம் வந்துடுச்சு, காகிதம் அப்படி, வேறொன்றுமில்லை என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் ரயில் ஏறமாட்டாள் என்று பயந்தேன். காட்டிவிட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தேனா, கூட்டத்தில் அவள் கவனிக்கமாட்டாள் என்று நினைத்தேனா, இப்போது யோசித்தாலும் விளங்கவில்லை. எப்படியாவது வேறு சுவரைப் பார்க்க வைத்து, எப்படியாவது வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவதாக இருந்தேன்.

புதன்கிழமை ஐந்து மணிக்குக் கேலரி நிறைந்துவிட்டது. கறுப்பு உடை அணிந்தவர்கள் கையில் மெல்லிய கோப்பைகளோடு மீன் முள்களின் முன்னால் நின்றார்கள். பெண் ஒருத்தி மூக்கைச் சுருக்கி, "நிஜமாவே நாத்தம் வருது இல்ல?" என்று மகிழ்ச்சியோடு கேட்டாள். ஓரமாக ஒரு மேசையில் விரலளவு சாண்ட்விச்சுகள் இருந்தன. மேடம் அதன் அருகில்கூடப் போகவில்லை.

அம்மாவும் பொங்ரே அக்காவும் வந்தார்கள். பொங்ரே அக்காவின் சட்டையில் செக்கச்செவேலென்று பூக்கள். அந்தக் கறுப்புக் கூட்டம் அவளுக்குத் தானாகவே வழி விட்டது.

"இதென்ன, எழவு வீடா? எல்லாரும் கறுப்பு" என்றாள் அவள்.

"மெதுவா பேசு பொங்ரே" என்றாள் அம்மா.

நான் அவர்களைச் சாண்ட்விச் பக்கம் திருப்பினேன். பொங்ரே அக்கா நான்கு எடுத்துக் கைக்குட்டையில் வைத்தாள். "உன் மேசை எங்கடி மாக்சுன்? அதைப் பாக்கத்தானே வந்தேன்."

"அந்தப் பக்கம் கூட்டமா இருக்கு. அப்புறம் போலாம்" என்றேன்.

அதற்குள் மேடமே எங்களை நோக்கி வந்தார். அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வாங்கம்மா. நடுச் சுவர்ல உங்களைத்தான் வெச்சிருக்கேன்."

நான் அம்மாவின் முழங்கையைப் பிடித்தேன். அவள் உதறவில்லை, ஆனால் நடந்துகொண்டே இருந்தாள். கூட்டம் விலகியது. படத்தின் கீழே சுவரில் சின்ன வெள்ளை அட்டை: பன்னிரண்டாவது மேசை. கூ மாக்சுன், 74, மொக்போ.

பொங்ரே அக்காதான் முதலில் பார்த்தாள். கையிலிருந்த சாண்ட்விச் பாதியில் நின்றது. "அடிப் பாவி, மாக்சுன். இது…"

"தெரியுது" என்றாள் அம்மா.

பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். வெகு நேரம் பார்த்தாள். படத்துக்கு மிக அருகில் போய்ப் பார்த்தாள். காய்கறிக்காரனிடம் முள்ளங்கியைத் திருப்பிப் பார்ப்பது போலத்தான் இருந்தது.  நாளைக்கு ஆஸ்பத்திரி இல்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அம்மா மேடத்தின் பக்கம் திரும்பினாள். "இதைப் படையலாக்கியிருக்கீங்க."

 மேடம் கண்களைத் தாழ்த்தவில்லை. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். "ஆமாம்மா. உங்களைப் புண்படுத்தணும்னு இல்லை. ஒவ்வொரு தடவை சாப்பிடும்போதும் நாம எதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கோம்னு…"

"உங்க வீட்டுல படையல் உண்டா?"

"இல்லைம்மா. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்க வீட்டுல அதெல்லாம் வெச்சதில்லை."

"அதான்." அம்மா விரலை நீட்டினாள். கண்ணாடியில் படாமல், ஒவ்வொரு கிண்ணத்துக்கும் மேலே நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். "செத்தவங்களுக்கு வாளை மீன் வைக்கமாட்டாங்க. மேக்கரெல் கூட ஆகாது. மிளகாய்த்தூள் போடவே கூடாது, பூண்டு கூடாது. சிவப்பைப் பாத்தா வந்தவங்க வாசல்லேர்ந்தே திரும்பிப் போயிடுவாங்க. இங்க பாத்தா கிம்ச்சியும் சிவப்பு, மீனும் சிவப்பு. இந்தச் சூப்பு பிறந்த நாளுக்கு வைக்கறது. என் பொண்ணு வந்தாளேன்னு வெச்சேன். கரண்டியும் குச்சியும் ஓரத்துல கிடக்கு. படையல்ல நடுவுல இருக்கணும். கிண்ணம் ரெண்டை மாத்திட்டா போதும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

யாரோ மெல்லச் சிரித்தார்கள். பியன் அவசரமாகக் கைப்பேசியில் எதையோ குறித்துக்கொண்டார்.

"நாப்பத்தெட்டு வருஷம் படையல் போட்டவ நான்" என்றாள் அம்மா. "இது இருக்கறவளோட மேசையும் இல்லை, போனவளோட மேசையும் இல்லை. எந்தப் பேயும் இதுல வந்து உக்காராது. எச்சில், அவ்வளவுதான். எச்சிலை அன்னிக்கே கழுவிக் கவுத்திருக்கணும். ஒரு மணி நேரம் ஈ மொய்க்க வெச்சுட்டு, இப்போ சுவர்ல வேற மாட்டி வெச்சிருக்கீங்க."

மேடம் படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று ஓடியது. வெட்கம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. மிளகாயின் சிவப்பு கறுப்பு வெள்ளைப் படத்தில் வெறும் கரும்பட்டையாகத்தான் தெரிந்தது. அவர் அதை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"எடுத்துடச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"அது உங்க காகிதம். வெச்சுக்கங்க. என் பேர் இதுல வேண்டாம்."

சொல்லிவிட்டு அம்மா குனிந்து அந்த வெள்ளை அட்டையின் மூலையில் நகத்தைக் கொடுத்து உரித்தாள். பசை இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாக மடித்து, நான்காக மடித்து, கைப்பையில் போட்டுக்கொண்டாள். சுவரில் சாம்பல் நிறத்தில் ஒட்டுத் தடம் நின்றது.  பொங்ரே அக்கா கைக்குட்டையை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "போலாமா?" என்றாள்.

படி இறங்கும்போது நான் முன்னால் போனேன், அம்மா விழுந்துவிடக் கூடாதே என்று. என் உடம்பிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அவள் பயப்படவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருவாள். நான் கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"நீ நல்லா குடுத்தேம்மா அவங்களுக்கு" என்றேன் தெருவுக்கு வந்ததும்.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றாள். "அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாது. சோறு எந்தப் பக்கம்னு எங்கேயோ படிச்சிருக்கா."

"ஆமா."

"உனக்குத் தெரியும்."

நான் தெருவில் டாக்சி வருகிறதா என்று பார்த்தேன்.

"எப்போ பாத்தே?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை பாத்துட்டு, செவ்வாக்கிழமை என்கிட்ட படியை எண்ணிச் சொன்னியா?"

"நீ ஆப்பரேஷனுக்கு வரமாட்டியோன்னு பயந்தேம்மா."

"பயந்தவ கழட்டியிருக்கணும்."

பொங்ரே அக்கா சாலையில் இறங்கி டாக்சிக்குக் கை காட்டினாள், எங்கள் பேச்சு காதில் விழாதது போல. ஒரு டாக்சி வந்து நின்றது. அம்மா ஏற உதவ நான் கையை நீட்டினேன். அவள் கதவைப் பிடித்துத் தானே ஏறி உட்கார்ந்தாள்.

"ராத்திரிக்கு ஆஸ்பத்திரி பக்கத்துல ரூம் எடுத்துக்கறோம். நாளைக்குக் காலைல நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு. கையெழுத்துப் போட வீட்டு ஆள் வேணுமாம். போட்டுட்டுப் போயிடு."

"நான் கூடவே இருக்கேன். பத்து நாள் லீவு சொல்லியிருக்கேன்."

"வேண்டாம். பொங்ரே இருப்பா."

"அம்மா, ஆப்பரேஷன் முடிஞ்சா உன்னால கையைத் தூக்க முடியாது. யாராவது சோறு ஊட்டணும்."

"அதுக்குத்தான் சொல்றேன்." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "உன் கையால இப்போதைக்கு எனக்குள்ள இறங்காதுடி. வாய்ல வெச்சா வெளியதான் வரும்."

பொங்ரே அக்காவும் ஏறினாள், கதவு மூடியது. அவள் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, நாலைந்து நாள் போகட்டும் என்பது போலக் கையை ஆட்டினாள். டாக்சி சந்து முனையில் சிவப்பு விளக்குக்காக நின்றது. அம்மாவின் பின்னந்தலை தெரிந்தது. கண்காட்சிக்காகப் போட்ட புதுச் சுருள்கள், ஒன்றுகூடக் கலையாமல். அவள் திரும்பவில்லை. நான் அங்கேயே நின்றேன். மேலே ஜன்னலிலிருந்து பியன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பன்னிரண்டாவதற்குப் புது அட்டை வேண்டுமாம், பெயர் இல்லாமல் எப்படி அச்சடிப்பது என்று கேட்டார்.